புதிய ஜனநாயக மாக்சிச-லெனினிசக் கட்சி

இலங்கைக் கம்யூனிஸ்ட் இயக்கத்தின் சீனச் சார்புப் பிரிவிலிருந்து கிளைத்து, 1978ஆம் ஆண்டு முதல் தனி ஸ்தாபனமாக இயங்கிவரும் சிறிய அரசியற் கட்சி. பாராளுமன்ற ஆசனங்களைக் கொண்டு அளப்போர்க்கு இதன் சரித்திரம் சில வரிகளில் முடிந்துவிடும். வடபுலத்துத் தமிழ்ச் சமூகத்தில் சாதிக் கொடுமைக்கு எதிராக நிகழ்ந்த கிளர்ச்சிகளை அறிய விழைவோரோ, இதன் பூர்வகதையை அறியாது மேற்செல்லல் இயலாது.

சோவியத் ஒன்றியத்துக்கும் சீனத்துக்கும் இடையே மூண்ட தத்துவ விவாதத்தின் விளைவாக, 1964ஆம் ஆண்டளவில் இலங்கைக் கம்யூனிஸ்ட் கட்சி இரண்டாகப் பிளவுற்றது. பீக்கிங் பிரிவுக்குத் தலைமை தாங்கிய நா. சண்முகதாசன், தொழிற்சங்கச் சம்மேளனத்தை வழிநடத்தியவர். மலையகத் தோட்டங்களில் செங்கொடிச் சங்கத்தை வளர்த்தவர். யாழ்ப்பாணத்தில் இப்பிரிவின் தூண்களுள் ஒருவராய் விளங்கியவர் கே. ஏ. சுப்பிரமணியம்.

1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் ஏட்டளவில் நிற்க, தேநீர்க் கடைகளும் ஆலயங்களும் ஒடுக்கப்பட்டோர்க்குச் சாத்தப்பட்டேயிருந்தன. அந்நிலையில், 1966 ஒக்டோபர் 21ஆம் திகதி பீக்கிங் பிரிவினரின் தலைமையில் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் புறப்பட்ட ஊர்வலத்தைப் பொலிசார் தாக்கியபோதும், அது கலைந்துவிடாது முன்சென்றது. மறு ஆண்டு தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் உருவாயிற்று. சங்கானையிலும் சாவகச்சேரியிலும் கொடிகாமத்திலும் மக்கள் தேநீர்க் கடைகளுள் பிரவேசித்தனர். 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் நின்றனர். அவ்வாயிலில் அவர்களை எதிர்த்து நின்றவர்களுள் முதன்மையானவர், 1947ஆம் ஆண்டில் வவுனியாத் தொகுதியின் பிரதிநிதியாகத் தெரிவாகிய சி. சுந்தரலிங்கம். மலையகத் தமிழரின் குடியுரிமை விவகாரத்தில் மந்திரி பதவியையே துறந்த ஒருவர், தம் சொந்த இனத்தவருள் ஒரு பகுதியினர் கோயிலுள் புகுவதைத் தடுக்க முன்வந்தார் என்பது, மொழியுரிமை பேசிய அரசியல் எவ்விடத்தில் தன் நீதியுணர்வை இழந்தது என்பதைக் காட்டுகிறது. கே. டானியலின் ‘பஞ்சமர்’ நாவல் இக்கிளர்ச்சிக் காலத்திலிருந்தே பிறந்தது.

பீக்கிங் பிரிவிலிருந்து வெளியேற்றப்பட்ட ரோகண விஜேவீர தனியே அமைத்த ஜனதா விமுக்தி பெரமுன 1971இல் ஆயுதக் கிளர்ச்சி நடத்தியபோது, அதனை ஏற்காத சண்முகதாசனும் சிறைப்பட்டார். பின்னர் அவரது தலைமையோடு கருத்து வேறுபாடு முற்றவே, 1978இல் சுப்பிரமணியமும் அவருடன் நின்ற தோழர்களும் விலகி, இலங்கைக் கம்யூனிஸ்ட் கட்சி (இடது) என்னும் பெயரில் புதிய ஸ்தாபனத்தைத் தொடங்கினர். சுப்பிரமணியம் 1989இல் காலமானார், சி. கா. செந்திவேல் பொதுச் செயலாளரானார். கட்சியின் பெயர் 1991இல் புதிய ஜனநாயகக் கட்சி என்றும், 2010இல் இன்றுள்ளவாறும் மாற்றப்பட்டது.

தேசிய இனப் பிரச்சினையில் இக்கட்சி கொண்ட நிலைப்பாடு தனித்துவமானது. தமிழரின் சுயநிர்ணய உரிமையை ஏற்றுக்கொண்டு, பிரிவினையை ஏற்காது, சிங்களர், தமிழர், முஸ்லிம்கள், மலையகத் தமிழர் ஆகிய நால்வரையும் தேசிய இனங்களாக மதித்து, ஐக்கிய இலங்கைக்குள் சுயாட்சி வேண்டும் என்பது அதன் கொள்கை. வன்னி நிலத்தவர்க்கு இது வெறும் ஏட்டுச் சிந்தனையன்று. 1958ஆம், 1977ஆம் ஆண்டுகளின் வன்செயல்களால் துரத்தப்பட்ட மலையக மக்கள் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியேறினர். காணியுரிமையும் மரியாதையும் வேண்டி அவர்கள் நிற்கும்போது, வடபுலத் தமிழர் என்ற ஒரே பெயருக்குள் அவர்தம் துயரம் அடங்குவதில்லை. எனினும், போர் நீடித்த காலத்தில் இக்குரல் ஒலிப்பதற்கான இடம் மிகச் சுருங்கியது. 2002இன் போர்நிறுத்த உடன்படிக்கைக்குப் பின், ஏ-9 வீதியில் ஓமந்தையில் அரச படையின் சோதனைச் சாவடி அமைந்திருக்க, அதற்கு வடக்கே விடுதலைப் புலிகளின் நிர்வாகம் நிலவிய நாள்களில், இரண்டு துப்பாக்கிகளுக்கும் அப்பாற்பட்ட வெகுஜன அரசியலுக்கு அப்பெருவீதியில் இடமிருக்கவில்லை. அன்றைய இழப்பைக் கட்சியின் தவறாக மட்டும் கொள்வது நியாயமன்று.

கட்சியின் கருத்துகளைத் தாங்கிய ஏடுகளுள் ‘செம்பதாகை’யும் ‘புதிய பூமி’யும் குறிப்பிடத்தக்கவை. தேசிய கலை இலக்கியப் பேரவையின் ‘தாயகம்’ சஞ்சிகை இதே சிந்தனை மரபைச் சார்ந்தது. ‘வெகுஜனன்’ என்னும் புனைபெயரில் செந்திவேல், ‘இராவணா’வுடன் இணைந்து எழுதிய ‘இலங்கையில் சாதியமும் அதற்கெதிரான போராட்டங்களும்’ என்னும் நூல், அறுபதுகளின் கிளர்ச்சிகளை அவற்றில் பங்குகொண்ட மரபினரின் பார்வையிலேயே பதிவு செய்துள்ளது.