இல்லத்து மின்யந்திரமும் அதன் எரிபொருளும்

2012 ஜூலை 30, 31 ஆகிய இரு நாட்களிலும் வடநாட்டு மின்தொடர் அடுத்தடுத்து நிலைகுலைந்தது. இரண்டாம் நாளன்று ஏறத்தாழ 60 கோடி மக்கள் வாழும் நிலப்பரப்பு மின்சாரமின்றித் தவித்தது. அத்தகைய வேளைகளில், தில்லியிலோ லக்னோவிலோ குடியிருக்கும் நம்மவர், சிறிய ஜெனரேட்டர் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளலாமே என்று எண்ணுவது இயல்பேயாகும். யந்திரத்தின் விலையைக் கடைக்காரர் சொல்லிவிடுவார். அதற்கு எதனைத் தீனியாக இடுவது என்பதோ எளிதில் விடை காணக்கூடிய வினாவன்று. அது யந்திரத்தோடு உடன்பிறந்த வினா.

உள்ளெரி யந்திரம் முதலில் உண்டது எண்ணெயன்று, வாயு. 1860-இல் பாரிஸ் நகரில் லெனுவார் அமைத்த யந்திரமும், 1876-இல் ஜெர்மனியில் ஓட்டோ என்பார் உருவாக்கிய நான்கு வீச்சு யந்திரமும் நிலக்கரி வாயுவினால் இயங்கியவை. நம் நாட்டில் கல்கத்தாவின் வீதிகளில் 1857-ஆம் ஆண்டிலேயே வாயு விளக்குகள் எரிந்தன. ஆயினும் வாயுக்குழாய் செல்லாத ஊர்களில் அவ்வகை யந்திரத்துக்கு இடமில்லை. ஆகவே, பீப்பாயில் கொண்டு செல்லக்கூடிய எண்ணெயின்மீது அறிஞர்களின் நாட்டம் சென்றது.

1897-இல் ஆக்ஸ்பர்க் நகரில் ருடால்ஃப் டீசல் தம் யந்திரத்தை வெற்றியுற இயக்கிக் காட்டினார். காற்றை மிகுதியாக அழுத்தினால் அது கொதித்துச் சூடேறும். அச்சூட்டிலேயே எண்ணெய் தானாகப் பற்றிக்கொள்ளும். மின்பொறி வேண்டியதில்லை. 1900-ஆம் ஆண்டில் பாரிஸ் கண்காட்சியில் அவ்வகை யந்திரம் ஒன்று நிலக்கடலை எண்ணெயில் ஓடியது! ஆப்பிரிக்கக் குடியேற்றங்களில் விளையும் கடலை அங்கேயே எரிபொருளாகப் பயன்படுமா என்று பிரெஞ்சு அரசாங்கத்தார் அறிய விரும்பினர். ஓடியது கடலை எண்ணெய் என்பதைப் பார்வையாளரில் வெகு சிலரே அறிந்திருந்தனராம். தென்னார்க்காட்டுக் கடலையை மூட்டை மூட்டையாகக் கப்பலேற்றிய நம்மவர்க்கு இச்செய்தி சுவையளிக்கும். எனினும், இன்றைய விலையில் கடலை எண்ணெய் வாணலியில் இருப்பதே முறை.

இரண்டாம் உலகப்போரின்போது பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தது. நம் நாட்டுப் பேருந்துகள் பல, பின்புறத்தில் கரியடுப்பைச் சுமந்தவாறு கரிவாயுவினால் ஓடின. புறப்படுமுன் அடுப்பை மூட்டிக் காத்திருத்தல் வேண்டும்; சாம்பலை அகற்றி வடிகட்டியைத் துடைத்தல் வேண்டும்; மேட்டில் ஏறும்போது வண்டி திணறும். அவ்வாயுவின் உயிர்நாடி கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு. அதன் பெயரை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்க.

இல்லங்களுக்கென்றே சிறு மின்யந்திரங்கள் 1980-களில் கடைவீதிகளில் பெருகின. அவற்றுள் மண்ணெண்ணெயில் ஓடுபவை மலிவுக்காகவே விரும்பப்பட்டன. பெட்ரோலைக் கொண்டு கிளப்பிச் சூடேறிய பின்னர் மண்ணெண்ணெய்க்குத் திருப்புவதும், நிறுத்துமுன் மறுபடி பெட்ரோலுக்கு மாற்றுவதும் அவற்றின் வழக்கம். புகையும் மணமும் அதிகம். அன்றியும், ஏழையின் அடுப்புக்கெனச் சலுகை விலையில் அளிக்கப்பட்ட நீலநிற மண்ணெண்ணெய் பிறர் யந்திரங்களுக்குத் திசைமாறிச் சென்றமை எவ்வகையிலும் நியாயமாகாது. 2014-இல் தில்லி மண்ணெண்ணெயற்ற நகரமாக அறிவிக்கப்பட்டது.

இன்று எஞ்சியிருப்பவை பெட்ரோல், டீசல், வாயு ஆகியவை. ஆண்டில் சில மணி நேரமே ஓடும் சிறு யந்திரத்துக்குப் பெட்ரோல் போதும். ஆனால் மாதக்கணக்கில் கிடந்தால் அது கெட்டுக் கார்புரேட்டரில் பிசினாக உறையும். அதன் ஆவியோ சிறு பொறிக்கும் பற்றிக்கொள்ளும். டீசல் அவ்வளவு எளிதில் தீப்பற்றாது, சிக்கனமும் உண்டு. பல குடும்பங்கள் சேர்ந்து வாழும் அடுக்குமாடிக்கு அது நெடுங்காலம் துணைநின்றது. அதன் புகைக்கரியே அதற்குப் பகை. தேசியத் தலைநகர் வட்டாரத்தில் 2023 அக்டோபர் முதல் டீசல் ஜெனரேட்டர்கள்மீது கடுமையான கட்டுப்பாடுகள் நடைமுறைக்கு வந்தன. வாங்குமுன் உள்ளூர் விதியை விசாரித்தல் அவசியம்.

குழாய்வழி இயற்கை வாயு வரும் நகரங்களில் அதுவே மேலானதென்பது என் கருத்து. சேமித்து வைக்கும் தொல்லையில்லை, புகைக்கரியும் குறைவு. அதே யந்திரம் பெட்ரோலில் தரும் ஆற்றலைவிட வாயுவில் தருவது சற்றுக் குறையும் என்பதைக் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். இணைப்புத் தரும் நிறுவனத்தாரின் இசைவும் வேண்டும். சமையலுக்குரிய சிலிண்டரை யந்திரத்தோடு பூட்டுவது சட்டத்துக்குப் புறம்பானது. இரண்டு விளக்கும் ஒரு விசிறியும் போதுமென்பார்க்கு மின்கலத்தோடு கூடிய இன்வெர்ட்டரே சாலும். எரிபொருளே வேண்டியதில்லை.

கரிப் பேருந்தின் காலத்தில் குறித்த அந்நச்சுவாயு, பெட்ரோல், டீசல், இயற்கை வாயு ஆகிய எதனை எரித்தாலும் யந்திரத்தின் போக்குக்குழாயில் உண்டாகிறது. நிறமில்லை, மணமில்லை. பனிக்காலத்து வடநாட்டில் கதவையும் சன்னலையும் அடைத்து உறங்குவது வழக்கம். பால்கனியிலோ மாடிப்படிக்கடியிலோ வைத்த யந்திரத்தின் வாயு கதவிடுக்கின் வழியே உள்ளே புகுந்தால், உறங்குவோர் விழித்தெழ மாட்டார். ஆதலின் திறந்த வெளியில், வாயில்களுக்கும் சன்னல்களுக்கும் அப்பால், போக்குக்குழாய் அண்டை வீட்டாரையும் நோக்காத திசையில் யந்திரத்தை நிறுத்த இடம் உண்டா என்று முதலில் பார்க்க வேண்டும். எரிபொருளைப் பற்றிய பேச்சு அதன் பின்னரே.