மீனும் குருதியும்

1921-ஆம் ஆண்டில், அக்காலத்தில் ஜெர்மனியைச் சேர்ந்திருந்த பிரெஸ்லாவ் நகரில், வெந்த மீனை உண்டால் தேகமெங்கும் தடிப்பெழும் உபாதையுடைய ஹைன்ஸ் கூஸ்ட்னர் என்ற வைத்தியரின் இரத்தத்தினின்று பிரித்த தெளிநீரை, ஆய்வாளர் கார்ல் பிராவுஸ்னிட்ஸ் தம் வயிற்றுத் தோலினுள் ஏற்றிக்கொண்டு, மறுநாள் அதே இடத்தில் மீன்சாற்றைச் செலுத்தியபோது, மீனால் துன்புறாத அவர் தேகத்திலும் அவ்விடம் சிவந்து தடித்தது. பிறர் நோயைத் தம் தோலில் வாங்கிக்கொண்ட அத்துணிவை நினைக்குந்தோறும் என் நெஞ்சம் நெகிழ்கிறது. குருதியில் குடியிருந்து அத்தடிப்பை எழுப்பிய வஸ்துவை இம்யூனோகுளோபுலின்-ஈ என்னும் எதிர்ப்பொருளென அடையாளங்காண மேலும் 45 ஆண்டுகள் சென்றன. அமெரிக்காவின் டென்வரில் ஆய்வாளர்களான இஷிசாகா தம்பதியர் அதைக் கண்டனர். அதனை உண்டாக்குமாறு பி வெள்ளணுக்களைத் தூண்டும் தூதுப் புரதம் இன்டர்லூக்கின்-4 என்பது 1980-களில் புலப்பட்டது. ஆஸ்துமாவிலும் பங்குள்ள அத்தூதை மறித்து அந்நோயைத் தணிக்கும் டுபிலுமாப் ஊசிமருந்துக்கு 2018-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.