உழைப்புக்கு ஓர் எல்லை

பாலாறு, செய்யாறு, வேகவதி கூடும் திருமுக்கூடலில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு, 15 படுக்கை மருத்துவமனையையும் மருத்துவர், பணியாளர் ஊதியத்தையும் கூறுகிறது. ஊதியத்தைக் கல்லில் பொறித்த நாடு, உழைப்பு நேரத்துக்கு எல்லை வகுத்தது எப்போது?

சிங்காரவேலர் சென்னையில் மே நாள் கண்டது 1923-இல். ஆண்டு முழுதும் ஓடும் ஆலைகளின் வார வேலை 1922-இல் 60 மணி, 1934-இல் 54, 1946-இல் 48 எனக் குறைந்தது. சிறு கடைச் சிப்பந்திக்கு? 1947-இல் வந்த சென்னைக் கடைகள், நிறுவனங்கள் சட்டம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி, ஒரு நாள் விடுமுறை என்றது. எவரும் இரங்கி ஈந்ததன்று, போராடிப் பெற்றது!

ஆயினும், காஞ்சிப் பட்டு நெய்யும் வீட்டுத் தறிக்கு மணி அடிப்பார் எவர்? சேலைக்குக் கூலி உண்டு, நேரத்துக்குக் கணக்கில்லை. அந்தத் தறிக்குழிக்கும் எல்லை வகுக்க வேண்டாமா, தோழர்களே?