சங்கமும் சதியும்: நீலகண்ட பிரம்மச்சாரியின் வாழ்வும் வழக்குமொழியும்

உருசிய மன்னராட்சியை எதிர்த்த தெற்குச் சங்கம் என்னும் இரகசிய அமைப்பின் தலைவர் பாவெல் பெஸ்தெல் 1826இல் தூக்கிலிடப்பட்டார். அவர்தம் கொள்கையை அறிய அவரே எழுதிய 'உருசிய நீதி' என்னும் அரசமைப்பு வரைவு துணைசெய்கின்றது. தமிழகத்தில் அவரோடு ஒப்பிடத்தக்கவர் நீலகண்ட பிரம்மச்சாரி (1889-1978). ஆயின், இவர்தம் அமைப்பைப் பற்றிய செய்திகள் பெரும்பாலும் வழக்குப் பதிவுகளின் வழியாகவே கிடைக்கின்றன. தமிழில் சொல்லப்பட்டவை ஆங்கிலத்தில் பதிவாயின என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

சீர்காழியை அடுத்த எருக்கூரில் பிறந்த நீலகண்டர், 'சூரியோதயம்' இதழின் ஆசிரியராக விளங்கியவர். 1910இல் தென்மாவட்டங்களில் பாரதமாதா சங்கத்தை உருவாக்கினார். குங்குமம் கரைத்த நீரை வெள்ளையர் குருதியாகப் பாவித்துப் பருகி, உறுப்பினர்கள் காளியின்முன் உறுதி பூண்டனர் என்பது அரசுத்தரப்புக்கு மாறிய உறுப்பினரின் சாட்சியமாகும்.

1911 ஜூன் 17 அன்று மணியாச்சிச் சந்திப்பில் ஆட்சியர் ஆஷ் சுட்டுக்கொல்லப்பட்டார். சுட்ட வாஞ்சிநாதனும் தம்மைச் சுட்டுக்கொண்டு இறந்தார். நீலகண்டர் அங்கு இல்லை. எனினும் திருநெல்வேலிச் சதி வழக்கில் 14 பேருள் முதன்மையானவராக நிறுத்தப்பட்டு, அரசருக்கெதிராகப் போர்தொடுக்கச் சதி செய்தமைக்காக 1912இல் ஏழாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். உறுப்பினர்க்குச் 'சங்கம்' என நின்றது சட்டத்திற்குச் 'சதி' ஆயிற்று.

வாஞ்சிநாதனிடம் கிடைத்த கடிதம் மூவாயிரம் பேர் உறுதிபூண்டதாகக் கூறியது. அதில் ஐந்தாம் ஜார்ஜ் 'பஞ்சமன்' எனச் சுட்டப்பெறுகின்றார். இச்சொல் 'ஐந்தாமவன்' என்னும் எண்ணுப்பொருளோடு, நால்வருணத்திற்குப் புறம்பாக வைக்கப்பட்டோரைக் குறிக்கும் சாதிப்பொருளையும் உடையது. ஆங்கிலத்தில் 'ஐந்தாம்' என்று மட்டும் பெயர்த்தால் அரசெதிர்ப்பு எஞ்சும். அதனோடு பிணைந்த சாதி இழிவுரை மறையும். அடிக்குறிப்பால் விளக்கினாலன்றி அக்கடிதத்தின் முழுக் கருத்துநிலையும் வாசகர்க்குப் புலப்படாது.

1919இல் விடுதலையான நீலகண்டர் பொதுவுடைமைக் கருத்துகளை ஏற்றார். 1922இல் அவற்றைப் பரப்பியமைக்காக மீண்டும் சிறைப்பட்டு, 1930இல் வெளிவந்தார். பின்னர் நந்தி மலையடிவாரத்தில் ஓம்கார் சுவாமியாக வாழ்ந்து மறைந்தார். காளியின் முன் பூண்ட உறுதி, பொதுவுடைமை, துறவு என மூன்று சொல்லுலகங்களை அவர் கடந்தார். அவற்றுள் முதலாவது பிறர் மொழிபெயர்ப்பிலேயே பெரிதும் எஞ்சியிருத்தலின், வழக்குப் பதிவுகளைப் பயன்கொள்வோர் அவற்றைத் தமிழ் மூலங்களோடு ஒப்பிட்டு நோக்குதல் இன்றியமையாததாகும்.