ஒருமையைச் சுட்டும் ‘தே’: பிழையா, வழக்கா?

ஆங்கிலத்தில் ‘எவ்ரிஒன் லவ்ஸ் தேர் மதர்’ என்று எழுதலாமா என்பது மாணவரும் ஆசிரியரும் ஓயாமல் எழுப்பும் ஐயம். ‘எவ்ரிஒன்’ ஒருமை, ‘லவ்ஸ்’ என்ற வினையும் ஒருமை. ‘தேர்’ மட்டும் பன்மை. ஆகவே ‘ஹிஸ்’ என்பதே சரி எனப் பள்ளி இலக்கணங்கள் நெடுங்காலம் விதித்தன. இவ்விதி ஆங்கில வழக்கிலிருந்து பிறந்ததன்று, வழக்கின்மேல் பிற்காலத்தில் ஏற்றப்பட்டது என்பதே என் துணிபு. இன்னார் எனத் தெரியாத ஒருவரைத் ‘தே’ என்று சுட்டுவது 14ஆம் நூற்றாண்டு எழுத்துகளிலேயே காணப்படுகிறது; சாசரும் ஷேக்ஸ்பியரும் ஜேன் ஆஸ்டினும் அப்படி எழுதியவர்களே. ‘ஹி’ இருபாலுக்கும் பொது என்ற விதியோ 18ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆன் ஃபிஷரின் இலக்கண நூல் போன்றவற்றின் வழியே பரவியது.

‘ஹி’ பெண்ணையும் உள்ளடக்கும் என்பது விதியை ஆதரிப்போரின் முதல் வாதம். பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1850இல் இதைச் சட்டமாகவே இயற்றியது: சட்டங்களில் வரும் ஆண்பாற் சொற்கள், வேறுவகையாகக் கூறப்படாதவிடத்து, பெண்பாலையும் குறிக்கும். 1867ஆம் ஆண்டுத் தேர்தல் சட்டம் வாக்குரிமையை ‘மேன்’ என்ற சொல்லால் வழங்கியபோது, மான்செஸ்டர் பெண்கள் அந்த 1850ஆம் ஆண்டுச் சட்டத்தைச் சுட்டித் தம் பெயரையும் பட்டியலில் சேர்க்கக் கோரினர். 1868இல் சார்ல்டன் எதிர் லிங்ஸ் வழக்கில் நீதிமன்றம் அதை மறுத்தது. சட்டமே வரையறுத்துக் கூறியும் நிலைக்காத பொதுமை, இலக்கண ஆசிரியரின் சொல்லால் மட்டும் நிலைத்துவிடாது.

பன்மைச் சொல் ஒருமைக்கு வருவது முறையன்று என்பது அடுத்த தடை. இத்தடை செல்லுமானால் ‘யூ’வும் தள்ளுபடியாக வேண்டும். அதுவும் பன்மைக்கே உரியதாக இருந்து, மரியாதையால் ஒருவருக்கும் வழங்கி, ‘தௌ’ என்ற ஒருமையைப் பொதுவழக்கிலிருந்து நீக்கிவிட்டது. குவேக்கர் சமயத் தலைவர் ஜார்ஜ் ஃபாக்ஸ் 1660இல் இதைக் கண்டித்து ஒரு நூலே வெளியிட்டார். வழக்கு அதற்காக நிற்கவில்லை. ஒருவரைச் சுட்டும்போதும் ‘யூ ஆர்’ என்றே சொல்வதுபோல ‘தே ஆர்’ என்பதும் பன்மை வினையையே கொள்கிறது. ‘அவர் வந்தார்’ என்று ஒருவரைச் சொல்லும் நமக்கு இது புதிதன்று. ஒருவரைப் பன்மையாற் கூறுவதைத் தொல்காப்பியச் சொல்லதிகாரம் வழக்கில் உள்ள உயர்சொல் எனப் பதிவு செய்து, இலக்கண நெறிப்பட்டதன்று என்றும் குறித்தது. விதிக்குப் புறம்பானதையும் மறைக்காமல் பதிந்த அந்த நேர்மை ஆங்கில இலக்கணிகள் பலரிடம் இல்லை.

பொருள் மயக்கம் நேரும் என்ற தடையில் மட்டும் உண்மை இருக்கிறது. ஒரு வாக்கியத்தில் ஒருவரும் பலரும் சேர்ந்து வரும்போது ‘தே’ யாரைச் சுட்டுகிறது என்பது தெளிவற்றுப் போகலாம். ஆனால் இரண்டு ஆண்கள் வரும் வாக்கியத்தில் ‘ஹி’யும் அவ்வாறே மயங்கும், அங்கே வாக்கியத்தைத் திருத்துகிறோமே தவிர, ‘ஹி’யை விலக்குவதில்லை. அமெரிக்க உளவியல் கழகத்தின் நடைக் கையேடு 2019ஆம் ஆண்டுப் பதிப்பில் ஒருமைத் ‘தே’யை ஆய்வெழுத்துக்கே ஏற்றுக்கொண்டது. இனியும் மாணவர் விடைத்தாளில் இதைச் சிவப்பு மையால் சுழித்து மதிப்பெண் குறைப்பதற்கு வரலாற்றிலும் ஆதாரமில்லை, இன்றைய வழக்கிலும் ஆதாரமில்லை.