இரண்டரை மாசம்: ஒரு மாத்திரையின் வரலாறு

இன்னைக்கு ஒரு நம்பர்ல இருந்து ஆரம்பிக்கலாம்: இரண்டரை மாசம். 2005 மார்ச்ல வெளியான ஒரு ஆய்வுல வந்த நம்பர் இது. மூளைப் புற்றுநோய் சிகிச்சையையே மாத்திடுச்சு. இரண்டரை மாசத்துக்கா இவ்ளோ பேச்சுன்னு தோணுதுல்ல? எனக்கும் முதல்ல அப்படித்தான் தோணுச்சு.

நோயோட பேர் கிளியோபிளாஸ்டோமா. கட்டி பக்கத்துல இருக்கற நல்ல திசுவுக்குள்ளயும் ஊடுருவியிருக்கும். அதனால ஆபரேஷன்ல முழுசா எடுக்க முடியாது. கதிர்வீச்சு கொடுத்தா ஆயுள் கூடும்னு 1970-கள்லயே நிரூபிச்சாச்சு. அதோட சேர்த்துக் கொடுத்துப் பார்த்த மருந்துகள் எதுவும் அதுக்கப்புறம் தெளிவா ஜெயிக்கல. ரத்தத்துல இருக்கற எல்லாத்தையும் மூளை உள்ளே விடாது. பல மருந்துகள் வாசல்லயே நின்னுடும்.

அந்த வாசலைத் தாண்டற ஒரு மருந்தை, இங்கிலாந்துல பர்மிங்ஹாம் ஆஸ்டன் பல்கலைக்கழகத்துல மால்கம் ஸ்டீவன்ஸோட குழு 1980-களின் தொடக்கத்தில் உருவாக்குச்சு. டெமோசோலமைடு. ஊசிகூட வேண்டாம், வாயால முழுங்கலாம்.

இது உண்மையிலேயே உதவுதான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? சுவிட்சர்லாந்து டாக்டர் ரோஜர் ஸ்டுப் தலைமையில, 2000 ஆகஸ்ட்ல இருந்து 2002 மார்ச் வரைக்கும் 85 மருத்துவ மையங்கள்ல 573 நோயாளிகளைச் சேர்த்தாங்க. யாருக்கு எந்த சிகிச்சைன்னு முடிவு பண்ணது குலுக்கல் மாதிரி ஒரு முறை. 287 பேருக்குக் கதிர்வீச்சோட மாத்திரை. 286 பேருக்குக் கதிர்வீச்சு மட்டும். போலி மாத்திரை கிடையாது. தனக்கு மருந்து விழலைன்னு அந்த 286 பேருக்கும் தெரியும். கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க: கையில ஒரு வருஷம்தான் இருக்கலாம்னு சொல்லிட்டாங்க, குலுக்கல்லயும் உங்க பேருக்கு மருந்து வரல. நாமளா இருந்தா கையெழுத்துப் போட்டிருப்போமா? (நோய் திரும்பினப்புறம் அவங்கள்ல பலருக்கும் இதே மருந்து கிடைச்சுது.)

முடிவு: கதிர்வீச்சு மட்டும் எடுத்தவங்கள்ல பாதிப் பேர் 12.1 மாசத்தைத் தாண்டினாங்க. மாத்திரையும் சேர்ந்தப்போ அது 14.6 மாசம். வித்தியாசம் இரண்டரை. ஆனா நடுவுல இருக்கற ஆளை மட்டும் பார்த்தா ஏமாந்துடுவோம். ரெண்டு வருஷம் கழிச்சு உயிரோட இருந்தவங்க 10.4 சதவீதம், மாத்திரை எடுத்தவங்கள்ல 26.5 சதவீதம்!

ஏன் சிலருக்கு மட்டும் அவ்ளோ பலன்? மருந்து கட்டியோட டிஎன்ஏவைக் கெடுக்கும். எம்ஜிஎம்டினு ஒரு புரதம் அதைச் சரிபண்ணிடும். அந்தப் புரதத்துக்கான மரபணு அணைஞ்சு கிடக்கற கட்டிகள்லதான் மருந்து நல்லா வேலை செய்யுது. இதை மோனிகா ஹெகி குழு கண்டுபிடிச்சது, அதே நோயாளிகள் கொடுத்த திசுவை வச்சுத்தான்.

கட்டுரைக்கான கணக்கை எடுத்தப்போ, அந்த 573 பேர்ல 480 பேர் உயிரோட இல்ல. இன்னைக்கும் புது மருந்து ஒண்ணு சோதனைக்கு வந்தா, அதை ஒப்பிட்டுப் பார்க்கறது அவங்க மேல நடந்த அந்தச் சிகிச்சையோடதான்.