எழுபதாம் நம்பர் வாள்

மரத்துக்காக எங்கள் திருகோணமலைப் பக்கம் ஆட்கள் வந்த கதை பழையது. 1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்துப் புயலில் நடுப் பாய்மரத்தை இழந்த 'ஆன்' என்ற ஆங்கிலக் கப்பல், புது மரம் நாட்டிக்கொள்வதற்குக் கொட்டியாரக் குடாவுக்குத்தான் அனுப்பப்பட்டது. வந்த இடத்தில் கண்டி அரசன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்கள் கப்பல் தலைவனையும் அவன் மகன் றொபேட் நொக்ஸையும் பிடித்துக்கொண்டு போனார்கள். மகன் பத்தொன்பது வருடத்துக்குப் பிறகு தப்பிப் போய், 1681இல் இலண்டனில் புத்தகம் வெளியிட்டான். சிறைப்பட்ட கதையை எங்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படிக்கிறார்கள். அவர்கள் ஒரு மரத்தைத் தேடி வந்தவர்கள் என்பது யாருடைய வாயிலும் வருவதில்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

சமண்டலை மரத்தின் கதையும் அப்படித்தான். சென்னைக் கரையின் அலையைத் தாண்டிக் கப்பலுக்கு ஆளும் சரக்கும் ஏற்றிய மசூலாப் படகுகளுக்கு அந்த மரம் இங்கிருந்து போனது. ஆங்கிலேயர் அதைத் 'திருகோணமலை மரம்' என்றே எழுதினார்கள். முதிரை, பாலை, கருங்காலி, விண்ணாங்கு என்று மற்றவை வள்ளமாகவும் வீட்டு வளையாகவும் தளபாடமாகவும் போயின. துறைமுகத்தின் ஆழத்தைப் பற்றியும் கோட்டையைப் பற்றியும் புத்தகங்கள் இருக்கின்றன. மரத்தை அறுத்த கைகளைப் பற்றியும், அந்தக் கைகளுக்கு ஆயுதம் திருத்திக் கொடுத்தவர்களைப் பற்றியும் எழுத்தில் ஒன்றும் நான் கண்டதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். நான் இலங்கைத்துறையில் மெசின் வாள் திருத்துகிறவன். முகத்துவாரத்துக்குக் கிட்ட இருக்கும் ஒரு தகரக் கொட்டில்தான் என் பட்டறை.

மெசின் வருவதற்கு முன் இரண்டுபேர் இழுக்கும் வாள்தான். பலகை அரிய வேண்டுமானால் குழி வெட்டி, குற்றியை அதன்மேல் கிடத்தி, ஒருவர் மேலே நிற்பார், ஒருவர் குழிக்குள் நிற்பார். குழிக்குள் நிற்பவருக்குக் கண் நிறைய மரத்தூள். 1964 டிசம்பரில், தனுஷ்கோடியை அழித்த அதே புயல் எங்கள் மாவட்டத்தையும் அடித்துக்கொண்டு போனபோது, விழுந்த மரங்களை வெட்டி வழி எடுத்ததும் அந்த வாளாலும் கோடாலியாலும்தான். என் அப்பு அதில் வேலை செய்தவர். அவருடைய வலது தோள் இடது தோளைவிடத் தாழ்ந்திருந்தது சாகும்வரை நிமிரவில்லை.

ஜெர்மனியில் அன்ட்ரியாஸ் ஸ்டில் 1926இல் மின்சாரத்தில் ஓடும் சங்கிலி வாளையும், 1929இல் பெற்றோலில் ஓடும் வாளையும் செய்துவிட்டார். ஆனால் அவை இரண்டுபேர் தூக்க வேண்டியவை. தனி ஆள் காட்டுக்குள் கொண்டுபோகும் மெசினாக அது மாறுவதற்கு இரண்டு காரியம் நடக்க வேண்டியிருந்தது. ஒன்று, பல். மரத்தைக் குடையும் வண்டின் புழு இடமும் வலமுமாகக் கடித்துக்கொண்டு போவதைப் பார்த்து, அமெரிக்காவின் ஓரிகனைச் சேர்ந்த ஜோ கொக்ஸ் என்ற மரவெட்டி செய்த சங்கிலி 1947இல் விற்பனைக்கு வந்தது. இன்றும் எல்லா வாளிலும் ஓடுவது அந்தப் பல்லின் வம்சம்தான். மற்றது, கியர் இல்லாமல் எஞ்சினிலிருந்து நேரே சங்கிலியை ஓட்டுவது. ஸ்டில் நிறுவனம் அதை 1959இல் 'கொன்ட்ரா'வில் செய்தது. அந்த வழியில் வந்ததுதான் 070. எங்கள் ஆட்கள் அதை 'எழுபது' என்பார்கள்.

எழுபதைப் பற்றி நான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தத் தொழிலே அதன்மேல்தான் நிற்கிறது. சிலிண்டரின் உள்வாய் 58 மி.மீ., பிஸ்டனின் ஓட்டம் 40 மி.மீ., கிட்டத்தட்ட 106 சி.சி. சங்கிலி ஓடும் பிளேட்டைப் பூட்டாமலே பத்துக் கிலோவுக்கு மேல் நிறை. பழைய மெசினில் செயின் பிறேக் கிடையாது. பிளேட் நுனி மரத்தில் பட்டு உதைத்தால் பிடித்திருப்பவனின் கையும் கவனமும்தான் காவல். இவ்வளவு குறையும் இருந்தும் பாலைக்கும் முதிரைக்கும் அதைப்போல ஒன்று வரவில்லை. இழுவை அப்படி. அதைவிடப் பெரிய காரணம், அது திறக்கச் செய்யப்பட்ட மெசின். நாலு நட்டைக் கழற்றினால் சிலிண்டர் கையில் வந்துவிடும். 090 என்ற பெரிய வாளின் சிலிண்டர் 66 மி.மீ., 137 சி.சி., ஆனால் கிராங்கின் ஓட்டம் அதே 40. இதைச் செய்தவர்கள் ஒன்றின் சாமான் மற்றதற்கு உதவட்டும் என்று நினைத்தே செய்திருக்கிறார்கள் என்பது என் எண்ணம். செத்த மெசின் மூன்றைச் சேர்த்து உயிருள்ள ஒன்றை எழுப்புவது எங்கள் கொட்டிலில் அதிசயமில்லை.

எனக்குத் தொழில் பழக்கியவர் மூதூரைச் சேர்ந்தவர். நாங்கள் அவரை நானா என்போம். கிண்ணியா, மூதூர் மர வியாபாரிகளின் வாள்கள் முழுக்க அவரிடம்தான் வரும். முதல் நாள் அவர் ஒரு எழுபதை என் முன்னால் பாயில் பிரித்துப் போட்டுவிட்டுச் சொன்னார்: "தம்பி, மிசின் ஒருநாளும் மௌத்தாகாது. சாமான்தான் ஒண்டொண்டாப் போகும். எது போச்செண்டு கண்டுபிடிக்கிறதுதான் நம்மட வேலை." அந்தக் காலத்தில் மூதூரிலிருந்து லோஞ்சில் திருகோணமலை போய், அங்கிருந்து பஸ்ஸில் கொழும்பு போய், பஞ்சிகாவத்தையிலும் பழைய சோனகத் தெருவிலும் கடை கடையாக ஏறி இறங்கினால் ஏறக்குறைய எல்லாச் சாமானும் கிடைத்தது.

1990 ஜூனில் திரும்பவும் யுத்தம் தொடங்கியபின் அந்த வழி அடைபட்டது. மூதூர் கிழக்கும் ஈச்சிலம்பற்றும் ஒரு பக்கம், நகரம் மறுபக்கம். பெற்றோலும் பற்றரியும் சீமெந்தும் கட்டுப்பாட்டுப் பட்டியலில் ஏறின. ஒரு கார்பரேட்டர் கிற் கொண்டுவந்தவனைச் சாவடியில் அரைநாள் வெயிலில் நிறுத்திய கதை எங்களிடம் பல உண்டு. ஆனால் வாளுக்கு வேலை கூடியது. வீடு உடைந்தால் வளை வேண்டும், பதுங்குகுழிக்கு மேலே போடக் குற்றி வேண்டும்.

அந்த வருடங்களில்தான் எங்கள் கைவேலை முற்றியது. கஸ்கற்றைப் பால்மாப் பெட்டி அட்டையில் வெட்டினோம். பேரிங்கில் பிரச்சினையில்லை, விளிம்பில் உள்ள எண்ணைப் பார்த்து நீர்ப்பம்பு மோட்டரிலிருந்தோ மோட்டார்சைக்கிளிலிருந்தோ அதே எண்ணை எடுத்துவிடலாம். பொயின்றும் கண்டென்சரும் ஸ்கூட்டரிலிருந்து வந்தன. எங்களை வென்றது டயபிரம். கார்பரேட்டருக்குள் பெற்றோலை இழுத்துக் கொடுக்கும் மெல்லிய தோல் அது. சைக்கிள் டியூபை வெட்டிப் போட்டால் பெற்றோலில் ஊறி, மறுநாளே பொங்கி நெளிந்துவிடும். ஆகையால் செத்த மெசின் எதுவானாலும் முதலில் டயபிரத்தைக் கழற்றி, சீலையில் சுற்றி, போத்தலில் போட்டு வைப்போம்.

பெற்றோல் இல்லாதபோது மண்ணெண்ணெயில் ஓட்டினோம். பிளக் துவாரத்தில் சில சொட்டுப் பெற்றோல் விட்டுக் கயிற்றை இழுத்தால் பிடிக்கும். சூடேறிய பிறகு மண்ணெண்ணெயில் முக்கிக்கொண்டு ஓடும். அதற்கு விலை உண்டு. புகைவாசலில் கரி கல்லாக உறைந்து வாயை அடைத்துவிடும். இரும்பால் சுரண்டினால் சிலிண்டர் கீறும் என்பதால் பாலைச் சிராயைச் சீவி அதனால் சுரண்டுவோம்.

ரிங் செய்த விதத்தையும் எழுதிவைக்கிறேன், இனி ஒருவருக்கு உதவலாம். அன்று ஓடிய பஜாஜ் டூ-ஸ்ரோக் ஓட்டோவின் சிலிண்டர் 57 மி.மீ. அதற்கு ஒரு மி.மீ. ஓவர்சைஸ் ரிங் கேட்டு வாங்கினால் நமக்கு வேண்டிய 58 ஆகிவிடும். ஆனால் அப்படியே ஏறாது. தடிப்புக் கூடினால், கண்ணாடித் துண்டின்மேல் நைஸ் எமரித்தாளை விரித்து ஓயில் விட்டு, ரிங்கைத் தட்டையாக அழுத்தி எட்டு வடிவில் தேய்க்க வேண்டும். அடிக்கடி எடுத்துப் பிஸ்டன் காடியில் உருட்டிப் பார்க்க வேண்டும். பிறகு ஊசி. டூ-ஸ்ரோக் பிஸ்டனில் ரிங் சுழலாதபடி காடிக்குள் சிறிய ஊசி ஒன்று அடித்திருக்கும். ரிங்கின் இரண்டு நுனியும் அந்த ஊசியைக் கவ்விக்கொண்டு உட்கார வேண்டும். நுனியை ஊசி அரத்தால் எடுக்கும்போது அவசரப்பட்டால் வார்ப்பிரும்பு மளுக்கென்று போய்விடும். சரியாக உட்காராத ரிங் சிலிண்டர் வாசலில் மாட்டி உடைந்து, பிஸ்டனையும் சிலிண்டரையும் சேர்த்துத் தின்றுவிடும். கடைசியில் ரிங்கைத் தனியாகச் சிலிண்டருக்குள் நேராக இறக்கி, நுனிகளின் இடைவெளியைப் பார்க்க வேண்டும். கால் மி.மீ. அளவில் இருந்தால் பூட்டலாம். டூ-ஸ்ரோக் ஓட்டோ இறக்குமதியை 2008இல் நிறுத்தினார்கள். காற்றுக்கு அது நல்லது. எங்களுக்கு ஒரு ரிங் கடை மூடியதுபோல ஆயிற்று.

2002இல் போர்நிறுத்தம் வந்து சாமான் திரும்பவும் புழங்கத் தொடங்கியது. 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தது. கரையோரம் முழுக்க விழுந்த தென்னையும் கூரைமரமும். எங்களிடம் ஓடக்கூடியதாக இருந்த வாள்களெல்லாம் சடலம் தேடுபவர்களோடு போயின. ஈர மணல் ஏறிய மரத்தில் சங்கிலிப்பல் சில நிமிடத்திலேயே மழுங்கிவிடும். நாங்கள் வெட்டவில்லை, அரத்தோடு உட்கார்ந்து பல் தீட்டிக்கொண்டேயிருந்தோம். அந்த வேலைக்கு யாரும் காசு கேட்கவுமில்லை, கொடுக்கவுமில்லை.

2006இல் மாவிலாற்றில் தொடங்கிய சண்டை எங்களை வெருகல் ஆற்றைத் தாண்டி வாகரைக்கும், பிறகு மட்டக்களப்பு முகாம்களுக்கும் துரத்தியது. பத்துக் கிலோ இரும்பை யார் தூக்குவது? பலர் வாளைக் கிறீஸ் பூசி, பொலித்தீன் சுற்றிப் புதைத்துவிட்டுப் போனார்கள். 2007இல் திரும்பியபோது தோண்டி எடுத்தவற்றில் கிராங்கும் சிலிண்டரும் பெரும்பாலும் தப்பியிருந்தன. வெளி உறை உப்பில் வெள்ளைப் பொடியாகப் பூத்திருந்தது. இரும்பைவிட அந்த இலேசான வார்ப்புக்கு உப்பு பெரிய எதிரி. கடலோரப் பட்டறைக்காரன் முதலில் பார்ப்பது அதைத்தான்.

2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறந்தார்கள். பாதை சீராக, கொழும்புச் சாமான் லொறியிலேயே வந்து இறங்கியது. அதோடு நகல் சாமானும் வந்தது. இன்று 070இன் முழு மெசினையே நகலாக வாங்கலாம். நகல் என்பதற்காக நான் தள்ளிவிடுவதில்லை. மூலச் சாமான் வாங்க வழியில்லாதவனுக்கு அதுதான் கதி. ஆனால் புது நகல் சிலிண்டரை அப்படியே பூட்டக் கூடாது. உள்வாசல்களின் விளிம்பில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் சீவினால் ரிங்கையும் சீவும். சாணைக்கல்லின் சிறு துண்டால் விளிம்பை மெல்ல மழுக்கி, மண்ணெண்ணெயில் கழுவிப் பூட்டினால் ஆயுள் கூடும். நகல் டயபிரத்தை மட்டும் நம்ப மாட்டேன்.

2016 தொடக்கத்தில் நாட்டிலுள்ள எல்லாச் சங்கிலி வாள்களையும் பதிவு செய்யச் சொன்னார்கள். காட்டைக் காப்பாற்ற வந்த சட்டம், நான் அதற்கு எதிரில்லை. வேரோடு காடு போவதைப் பார்த்தவன் நான். அனுமதியில்லாத மரத்துக்குப் போகும் வாளென்று தெரிந்தால் என் கொட்டிலில் அதைத் தொடுவதில்லை. தென்னை வெட்டுகிறவர், விழுந்த மரம் எடுக்கிறவர், அனுமதிப்பத்திரத்தோடு பலகை அரிகிறவர், இவர்களுக்குத்தான் என் வேலை. ஆனால் பதிவு வந்தபோது மூன்று மெசினில் எழுப்பிய வாளுக்கு எந்த எண் என்ற கேள்வி எழுந்தது. சிலிண்டர் மாறும், டாங்கி மாறும், கிராங்கேஸ்தான் மெசினின் உடம்பு என்று எங்களுக்குள் ஒரு முடிவுக்கு வந்தோம். எண் அதோடு போகட்டும்.

2019இல் சங்கிலி வாள் இறக்குமதியைத் தடைசெய்யப்போவதாக அப்போதைய ஜனாதிபதி அறிவித்தார். அடுத்த வருடம் டொலர் தட்டுப்பாட்டால் இறக்குமதிக் கட்டுப்பாடு. 2022இல் இருநூறு ரூபாவாக இருந்த டொலர் சில வாரங்களில் முந்நூற்றறுபதைத் தொட்டது. சாமான் விலை அதோடு ஏறியது, பிறகு முழுதாக இறங்கவேயில்லை. அந்த வருடத்தில்தான் பத்தியிலும் மாட்டுக்கொட்டிலிலும் கிடந்த பழைய எழுபதுகள் ஒவ்வொன்றாக என்னிடம் வந்தன. வந்தவற்றுள் உயிர் கொடுக்க முடியாதவை சிலதான்.

இப்போது என் கவலை பழைய இரும்புக்காரர்களைப் பற்றியது. அவர்கள்மேல் குறையில்லை, அது அவர்கள் பிழைப்பு. ஆனால் வெடிப்பில்லாத ஒரு கிராங்கேஸ் உருக்கப் போனால் அதோடு நாலு வாள் போகிறது. மூதூர், வெருகல், வாகரைப் பக்கம் இதை வாசிப்பவர்களிடம் கேட்கிறேன்: உங்கள் வீட்டில் ஓடாத எழுபது கிடந்தால் நிறுத்து விற்க வேண்டாம். பெற்றோலை வடித்துவிடுங்கள். பிளக்கைக் கழற்றி இரண்டு சொட்டு ஓயில் விட்டு, கயிற்றை மெல்ல ஒருமுறை இழுத்து, பிளக்கைத் திரும்பப் பூட்டுங்கள். எண் தகட்டைப் பிடுங்காதீர்கள். பதிவுத்தாள் இருந்தால் அதையும் சேர்த்து, பக்கத்தில் உள்ள ஏதாவதொரு பட்டறையில் கொடுங்கள். என்னிடம்தான் தர வேண்டுமென்றில்லை.